நனையாத இடம்

கமோடின் மூடிமேல் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, ஹோல்கர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். பக்கத்துச் சுவரில், அட்டையில் வெட்டிய வாஷ்பேசினைச் சேர்த்துப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார் கீழ்வீட்டு ப்ரெபென்.

“எட்டுதா?”

“எட்டுது. ஆனா முழங்கையத் தூக்க வேண்டியிருக்கு. அவளால முடியாது. இன்னும் இறக்கு.”

“டேய், எண்பத்தஞ்சு சென்டிமீட்டர்டா. நாப்பது வருஷமா கோபன்ஹேகன்ல நான் பேசின் மாட்டாத வீடே இல்ல. எல்லாம் இதே உயரம்தான். இதுக்குக் கீழ வெச்சா, கை கழுவும்போதெல்லாம் நீ கும்பிடு போடணும்.”

“போட்டுட்டுப் போறேன். இறக்கு.”

அட்டை மெல்ல இறங்கி எழுபதில் நின்றது. ஹோல்கரின் கைகள் மடியிலிருந்து நேராகப் போய் அதன் விளிம்பில் அமர்ந்தன. ப்ரெபென் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்தக் குளியலறைக்கு அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர். ஷவரைத் திறந்தால் எல்லாம் நனையும். அதனால் அந்தத் தெரு வீடுகளில் குளிக்கப் போகிறவர்கள் கழிப்பறைப் பேப்பர் சுருளை எடுத்து வெளியே நடையில் வைத்துவிட்டுத்தான் குழாயைத் தொடுவார்கள். ஹோல்கர் மட்டும் நாற்பத்தொரு வருடமாக அதை மறந்துகொண்டிருந்தார். சமையலறையிலிருந்து “பேப்பர்!” என்று மனைவி ராக்னா கத்துவதற்கும் தண்ணீர் கொட்டுவதற்கும் எப்போதும் சரியாக இருக்கும்.

இனி மருந்தால் பயனில்லை என்று மருத்துவமனையில் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. அன்று ராக்னா அழவில்லை.

“இங்க எல்லாரும் நல்லவங்க, ஹோல்கர்,” என்றாள். “பச்சப்புள்ள மாதிரி என்னைத் துடைச்சு விடறாங்க. எனக்கு ஒரே ஒரு கதவு வேணும். நானே சாத்திக்கிட்டு, நானே என் மூஞ்சியக் கழுவிக்கணும். அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து இரண்டு கிழவர்களும் அட்டைகளை அந்தத் தரையில் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். பழைய பேசினைக் கழற்றி, மூலைக்கென்று செய்த குட்டி பேசின் ஒன்றை வாங்கினார்கள். இன்று இரண்டு மணிக்கு அவள் வருகிறாள்.

ஒன்றரைக்கு பேசினில் தண்ணீர் வந்தது. ப்ரெபென் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“பேப்பர எங்க மாட்டறது?”

“நனையாத இடமாப் பாரு.”

“இதுக்குள்ளயா? அந்தக் கடவுளே வந்து அளந்தாலும் கிடைக்காது. காலைல ரொட்டி வாங்கிட்டு வரும்போது மாட்டற கம்பியையும் கொண்டாறேன். அதுவரைக்கும் ஜன்னல்ல வை.”

ராக்னாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். அவள் கேட்ட முதல் காரியம் குளியலறைதான். மகள் டோர்த்தே ஒரு பக்கமும் ஹோல்கர் மறுபக்கமும் தாங்கி, அவளைக் கமோடின் மூடிமேல் உட்கார வைத்தார்கள். அவள் பேசினின் விளிம்பில் கைகளை வைத்தாள். முழங்கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

“குட்டையா மாட்டிட்டீங்களே.”

“உனக்கு அளந்தது,” என்றார் ஹோல்கர்.

அவள் பேசினின் விளிம்பைத் தடவினாள். “ரெண்டு பேரும் வெளிய போங்க.”

உட்கார்ந்தபடியே இழுத்துச் சாத்த, கதவின் உள்கைப்பிடியில் ஹோல்கர் தன் குளியல் அங்கியின் இடுப்புப் பட்டையைக் கட்டியிருந்தார். அது மெல்ல இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது.

டோர்த்தே கதவருகே போனாள். ஹோல்கர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பாடும் பாட்டு ஒன்றை ராக்னா முனகினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“பென்சில் ஒண்ணு கெடக்குது இங்க.”

“ப்ரெபெனோடது. விட்டுட்டுப் போயிருக்கான்.”

“இருக்கட்டும். எனக்கு வேலை இருக்கு.”

கதவு திறந்தபோது அவள் நெற்றி மயிரெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

“ஒரு வாரமா அளந்தீங்களே, ரெண்டு பேருக்கும் கண்ணு எங்க போச்சு?”

“ஏன், என்னாச்சு?”

“நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு, டோர்த்தே ஒரு கையையும் ஹோல்கர் மறு கையையும் பிடித்திருக்க, ராக்னா இறந்தாள். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார். ஆன்மா போக வழி வேண்டும். பிறகு, அவள் கேட்ட கதவை ஒரு நாளாவது கொடுக்க முடிந்ததற்காகக் கைகூப்பிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

முகம் கழுவப் போனார். பேசின் தொடைக்கு நேராக இருந்தது. குனியத் தெம்பில்லாமல், அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. பேசினுக்கு நேர் கீழே, குழாயை ஒட்டி, சுவரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் ‘பேப்பர்’ என்றிருந்தது.

நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாத இடம். பேசின் அதற்குக் குடை பிடித்திருந்தது.

வாசல் மணி அடித்தது. ஒரு கையில் சூடான ரொட்டிப் பையும் மறு கையில் பெட்டியுமாக ப்ரெபென் நின்றிருந்தார்.

“எசமானியம்மா எழுந்தாச்சா? கம்பி கொண்டாந்தாச்சுன்னு சொல்லு.”

ஹோல்கர் வழிவிட்டு ஒதுங்கினார். திறந்திருந்த ஜன்னலை ப்ரெபென் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ரொட்டிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“வா,” என்று ஹோல்கர் அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். “உக்காந்து பாரு.”

ப்ரெபென் உட்கார்ந்தார். அந்தக் குறியைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

டிரில் மெஷின் சத்தம் கேட்டு டோர்த்தே ஓடிவந்தாள். “அப்பா! இப்பவா? அம்மா அங்க…”

“அம்மா சொல்லிட்டுப் போன வேலைம்மா.”

அவள் எட்டிப் பார்த்தாள். போய், சுவர்த்தூள் விழாமல் பிடிக்க ஒரு தட்டு எடுத்து வந்தாள். ப்ரெபென் அந்த எழுத்தின்மேல் தூசி படாமல் பார்த்துப் பார்த்துத் துளை போட்டு, கம்பியை மாட்டிச் சுருளைக் கோத்தார்.

பதினொரு மணிக்கு போதகர் வருவார். அதற்குள் குளித்துவிடலாமென்று ஹோல்கர் உடையைக் களைந்து, கதவைச் சாத்தி, ஷவரைத் திறந்தார். தலை முழுவதும் நனைந்த பிறகுதான் சட்டென்று பேப்பர் நினைவு வந்தது. நின்ற இடத்திலேயே நின்று, சமையலறைப் பக்கம் காது கொடுத்தார்.

பிறகு குனிந்து பார்த்தார்.

சுவரெல்லாம் வழிந்த தண்ணீர் பேசினின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சுருள் உலர்ந்தே இருந்தது. சின்ன ஜன்னலிலிருந்து வந்த காற்றில் அதன் நுனி மட்டும் லேசாக ஆடியது.