பனி கழுவிய கிரவுண்டு

செல்லதுரையின் கால் ஒடிந்த சத்தம் ஒரு வருசமாகப் பாண்டியராஜின் காதுக்குள் குடியிருந்தது. விறகு ஒடிகிற மாதிரி கேட்டது என்று எஸ்டேட் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். விறகாவது மண்ணாங்கட்டியாவது. மனுசக் கால் ஒடிந்தால் மனுசக் கால் ஒடிந்த சத்தம்தான் வரும். பக்கத்தில் நின்று கேட்டவனுக்குத் தெரியும்.

போன ஜனவரியில், எமரால்டு கிரவுண்டில், கிழக்குக் கோலுக்கு முன்னால் நடந்தது அது. எஸ்டேட் லைன் டீமுக்கும் ஊட்டி டவுனிலிருக்கிற காந்தல் டீமுக்கும் லீக் ஆட்டம். செல்லதுரை பந்தை வாங்கித் திரும்பினான். காந்தல் பெனிஸ் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டுபோய்க் கம்பி வைத்தும் கால் நேராகவில்லை. லைனிலேயே வேகமாக ஓடினவன் இப்போது கக்கூசுக்குப் போவதற்கே கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு போகிறான்.

செல்லதுரை வேறு யாருமில்லை, பாண்டியராஜின் மனைவி சுகந்திக்குத் தம்பி. ஒரே வீட்டில்தான் இருக்கிறான். காலையில் கண் விழித்தால் அந்தக் கட்டை சுவரில் சாய்ந்திருப்பதுதான் பாண்டியராஜின் கண்ணில் முதலில் படும். படும்போதெல்லாம் வயிறு எரியும். பெனிஸின் பேரைச் சொல்லிக் கருவிக்கொண்டே பல் விளக்குவான்.

நவம்பரில் லீக் கமிட்டி எஸ்டேட் மன்றத்தில் கூடியது. செயலாளரும் ரெப்ரியும் ஒரே ஆள்தான், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற காளிமுத்து. எல்லோருக்கும் டீ வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க, பேசறதுக்கு ஒரே விசயந்தான். லீக்க பனி மாசத்துல ஆடறதா, சித்திரைக்குத் தள்ளறதா. போன வருசம் ஒரு பையன் காலு போச்சு. யோசிச்சுச் சொல்லுங்க, கைகலப்பு வேண்டாமுங்க."

பாண்டியராஜ் எழுந்தான். "சித்திரையில தேயிலைக் கொழுந்து முட்டிக்கிட்டு நிக்கும். அப்ப லீவு கேட்டா சூப்பர்வைசர் பேசற பேச்சக் காது குடுத்துக் கேக்க முடியாது. ஆனியில மழை பிடிச்சா தீவாளி தாண்டியும் விடாது. பனி மாசத்துலதான் கொழுந்து கருகிக் கெடக்கு, எங்களுக்கும் ஒழிவு. அத விட்டா நாங்க எப்பங்ணா ஆடறது? டவுன்ல இருக்கறவங்களுக்கு என்ன, எப்ப வேணா ஆடுவாங்க."

சும்மா சொல்லக்கூடாது, அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. லைன்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பாண்டியராஜ் எழுந்தது கொழுந்துக்காகவும் இல்லை, லீவுக்காகவும் இல்லை. பனியில் இறுகிக் கிடக்கிற அதே தரையில், அதே கோலுக்கு முன்னால், பெனிஸின் காலை ஒடிக்க வேண்டும். சித்திரை மாதத்துப் புழுதியில் விழுந்தால் அவன் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவான். அது பாண்டியராஜுக்குப் போதாது.

அப்புறம் பெனிஸ் எழுந்தான். ஊட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். குரல் மட்டும் மெலிசு. "உசுரு இருந்தாத்தானுங்க ஆடறது. அந்தக் கெழக்குக் கோலுகிட்ட காலு நிக்கறதில்லீங்க. செல்லதுரைக்கும் அதான் ஆச்சு. நான் கால இழுத்தேன். நிக்கல. மாதா மேல சத்தியமா நிக்கல."

"நிக்கலையா?" என்றான் பாண்டியராஜ்.

கையிலிருந்த கண்ணாடி டம்ளர் பறந்தது. பெனிஸின் புருவத்தில் பட்டு உடைந்து, டீயும் இரத்தமுமாக முகத்தில் வழிந்தது. பெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து பாண்டியராஜின் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் பெஞ்சோடு சாய்ந்தார்கள். அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கே இல்லை. காந்தல்காரன் ஒருவன் நாற்காலியை மடக்கி லைன்காரன் முதுகில் சாத்தினான். கேரம் போர்டு இரண்டாகப் போயிற்று. காளிமுத்து மேசைமேல் ஏறி நின்று, மூச்சு முட்டும்வரை விசில் ஊதினார்.

சண்டை ஓய்ந்து, மூக்கிலும் வாயிலும் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஓட்டெடுப்பு நடந்தது. பனி மாசத்துக்கு ஒரு கை கூடுதலாக விழுந்தது. பாண்டியராஜின் கை, விரல் முட்டியெல்லாம் தோல் கிழிந்து, எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

ஜனவரியில் காந்தலோடு ஆட்டம் வந்தது. இருப்பது ஒரு கிரவுண்டு, கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆடவேண்டிய டீம்களோ நிறைய. அதனால் முதல் ஆட்டம் விடிந்த கையோடு ஆரம்பித்துவிடும். அன்று விடியும்போது கிரவுண்டு முழுக்க உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது.

அதைச் சரிசெய்வது பாண்டியராஜின் பொறுப்பு. எஸ்டேட்டில் வேலை ஒழிகிற பனி மாசத்தில், கிரவுண்டை ஒட்டியிருக்கிற கேரட் தோட்டத்தில் அவன் தினக்கூலிக்குத் தண்ணீர் விடுகிறவன். பனி விழுந்த அன்று சூரியன் வருவதற்குள் ஸ்பிரிங்லர் போட்டுச் செடியைக் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் தழை கருகிவிடும். தோட்டத்தில் பலித்தது கிரவுண்டிலும் பலிக்கும் என்று, இரண்டு வருசமாக ஆட்டத்துக்கு முன்னால் ஓஸ் குழாயை இழுத்து வந்து கோல் பக்கம் கழுவிவிடுவான். தண்ணீர் பட்டதும் வெள்ளை போய்ப் பச்சை தெரியும். பாண்டி கை வைத்தால் கிரவுண்டு பளிச்சென்று ஆகிவிடுகிறது என்று காளிமுத்துவே பாராட்டியிருக்கிறார். டீம்கள் வந்து இறங்கும் சமயம் மோட்டாரை நிறுத்திவிடுவான்.

அன்றைக்கும் கழுவினான். கிழக்குக் கோலுக்குக் கூடுதலாகவே விட்டான். அந்தப் பக்கம் கற்பூர மரங்களின் நிழல், வெயில் விழ நேரமாகும். பெனிஸை அங்கேதான் பிடிக்க வேண்டும், அதனால் தன் கால் வழுக்கக்கூடாது என்பது அவன் எண்ணம். ஓஸ் பிடித்த கை மரத்துப்போனதை அவன் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கட்டினபோது சுகந்தி வாசலை மறித்து நின்றாள்.

"ஏனுங்க, உங்க மூஞ்சியே சரியில்ல. ஒரு காலு ஒடஞ்சதுக்கே நம்ம ஊடு இப்படிக் கெடக்குது. இன்னொருத்தன் ஊட்டையும் இப்படி ஆக்கோணுமா?"

"வழிய உடு."

உள்ளேயிருந்து கட்டை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. செல்லதுரை வந்து நின்றான். ஒரு வருசத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "அக்கா, நீ தள்ளு. மாமா, நான் வேற எதும் கேக்கல. ஒரே ஒரு உதை. நானும் வந்து பாக்கறேன்."

சுகந்தி தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பந்து எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. லைன் பையன் ஒருவனின் வாயில் முழங்கை விழுந்து முன்பல் போயிற்று. பதிலுக்குக் காந்தல் கோல்கீப்பரின் விரலை ஒருவன் மிதித்து அரைத்தான். காளிமுத்து மஞ்சள் அட்டையைத் தூக்கித் தூக்கிக் கை சலித்துப் போனார். கோட்டுக்கு வெளியே இரண்டு ஊர் ஆட்களும் கற்பூர மரக் கொம்பை ஒடித்துக் கையில் வைத்திருந்தார்கள். செல்லதுரை முன்னால், கட்டையை ஊன்றி, ஒரு காலில் நின்றான்.

பெனிஸும் சளைத்தவன் இல்லை. ஒரு கார்னருக்குக் குதித்தபோது பின்மண்டையால் பாண்டியராஜின் மூக்கில் இடித்தான். பாண்டியராஜுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. சூடாக இரத்தம் உதட்டில் இறங்கியது. துப்பிவிட்டு, பெனிஸின் விலாவில் முஷ்டியால் குத்தினான். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"டம்ளர் அடிச்சது மறக்கலடா" என்றான் பெனிஸ், புருவத்தில் தையல் போட்ட தழும்பு துடிக்க.

"காலு ஒடச்சத நானும் மறக்கல."

இடைவேளை முடிந்து பக்கம் மாறியது. இப்போது கிழக்குக் கோல் லைன் டீமுடையது, அதற்கு முன்னால் தடுத்து ஆடுகிறவன் பாண்டியராஜ். அங்கே இன்னும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அது வந்தது. நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து. பெனிஸ் தனியாக அதைத் துரத்திக்கொண்டு கோலைப் பார்த்து ஓடிவந்தான். எதிரே பாண்டியராஜ் மட்டும்.

"மாமா, உடாத" என்று கோட்டுக்கு வெளியே செல்லதுரையின் குரல் கிழிந்தது.

பாண்டியராஜ் கண் மண் தெரியாமல் ஓடினான். ஒரு வருசத்துக் கோபம் முழுவதும் வலது காலுக்கு வந்திருந்தது. பெனிஸின் கெண்டைக்கால் தெரிந்தது, அதற்கு நடுவில் தான் குறி வைத்திருந்த இடமும் தெரிந்தது. காலை ஓங்கினான். ஓங்கின அந்த நொடியில், இன்னும் எதுவும் ஒடிவதற்கு முன்னாலேயே, அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டுவிட்டது. செல்லதுரையின் சத்தம். வேண்டாம் என்று காலை இழுத்தான்.

இழுத்தான், ஆனால் ஊன்றியிருந்த இடது கால் நிற்கவில்லை. தரை அவனுக்கு அடியில் ஓடியது. மொத்த உடம்பும் கட்டை வண்டி கவிழ்வதுபோலச் சறுக்கிப் போய், பெனிஸின் ஊன்றிய காலில் இடித்தது. இந்த முறை சத்தம் வெளியிலிருந்து வந்தது.

பெனிஸின் அலறலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பின. பாண்டியராஜ் குப்புறக் கிடந்தான். கன்னத்துக்குக் கீழே சில்லென்று, வழவழவென்று இருந்தது. கண்ணைத் திறந்தான். புல் பச்சையாகத் தெரிந்தது, ஆனால் கண்ணாடிக்கு அடியில். விரலால் தேய்த்தான். நகம் வழுக்கியது.

தோட்டத்தில் கசிகிற குழாய்க்கு அடியில் தினமும் பார்க்கிற ஐஸ்தான். கேரட் பாத்தி பொதுபொதுவென்ற மண், விட்ட தண்ணீரைக் குடித்துவிடும். இது ஆயிரம் கால் மிதித்து இறுகின தரை. குடிக்காது. அவன் கழுவிவிட்ட தண்ணீர் அப்படியே நின்று, அவன் மோட்டாரை நிறுத்தினதும் உறைந்திருக்கிறது. வெள்ளையாக இருந்தபோதாவது பூட்ஸ் பிடித்திருக்கும். பச்சையாகத் தெரிந்ததால் எல்லோரும் நம்பி ஓடினார்கள். போன வருசமும் இதே இடம், இதே ஓஸ், இதே கை.

தவழ்ந்து பெனிஸிடம் போனான். காலுறையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. பெனிஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தருகே இழுத்தான்.

"கால இழுத்தேன்டா" என்றான் பாண்டியராஜ். "நிக்கல."

பெனிஸின் பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. அதற்கிடையில் வார்த்தை வந்தது. "இதத்தான நானும் சொன்னேன்."

அதற்குள் கொம்புகள் உள்ளே வந்துவிட்டன. காந்தல்காரன் ஒருவன் பாண்டியராஜின் முதுகில் இரண்டு போடு போட்டான். ஒரு கல் காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. லைன்காரர்கள் பாய்ந்து வந்து அவர்களைத் தள்ளி, பாண்டியராஜைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "சொன்னத செஞ்சுட்டான்டா" என்று ஒருவன் கத்த, எல்லோரும் கத்தினார்கள். "எறக்குங்கடா, நான் ஒடைக்கல" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினது யார் காதிலும் விழவில்லை. கீழே காளிமுத்து தன் மப்ளரைக் கழற்றிப் பெனிஸின் காலில் கட்டிக்கொண்டிருந்தார்.

தோளுக்கு மேலிருந்து பார்த்தால் செல்லதுரை தெரிந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். கால் போன நாளிலிருந்து அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கட்டையை உயரத் தூக்கி ஆட்டினான். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பாண்டியராஜுக்கு அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

தன்னைத் தூக்கினவனின் தலைமுடியைப் பிடித்து உலுக்கிக் கீழே குதித்தான். குனிந்து, பூட்ஸ் முனையால் தரையைக் குத்திப் பெயர்த்து, ஒரு சில்லு ஐஸை எடுத்துக்கொண்டு நேராகச் செல்லதுரையிடம் போனான். அவன் கையை விரித்து உள்ளங்கையில் அதை வைத்தான்.

"என்ன மாமா இது?"

"கெழக்குக் கோலுகிட்ட பூராவும் இதுதான் மாப்ள. காலம்பர நான் உட்ட தண்ணி. போன வருசமும் நாந்தான் உட்டேன். பெனிசு ஒடைக்கல மாப்ள. நான்."

செல்லதுரையின் சிரிப்பு உடனே போகவில்லை. வாயில் அப்படியே இருக்க, கண் மட்டும் உள்ளங்கையைப் பார்த்தது. சில்லு உருகி விரலிடுக்கில் சொட்டியது. அவன் பாண்டியராஜைப் பார்த்தான், கோலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

கட்டை முதலில் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி கழுத்தில். பாண்டியராஜ் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது ஊன்ற எதுவும் இல்லாமல் செல்லதுரை தள்ளாடினான். பாண்டியராஜ் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். செல்லதுரை ஒரு கையால் மாமாவின் சட்டையைப் பற்றிக்கொண்டு, மறுகையால், அழுதுகொண்டே, அடித்துக்கொண்டே இருந்தான். அவன் விழுந்துவிடாதபடி பாண்டியராஜ் பிடித்துக்கொண்டே நின்றான்.