மூலை வெட்டிய மூடி

கண்ணாடிக்காரர் கண்ணாடி போட்டால் ஈ நுழைய இடம் இருக்காது என்று தெருவே சொல்லும். அவரும் சொல்வார், கேட்காதவர்களிடம்கூடச் சொல்வார். முப்பது வருடமாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் போட்ட கை. ரப்பரும் பசையும் வைத்து முடித்ததும் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் சொருகிப் பார்ப்பார். காகிதம் நுழைந்தால் அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு மூளிக் கண்ணாடி இருந்தால் மனிதருக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். முன்னறை மீன் தொட்டியின் மூடி அது. வண்ண மீன் கடைக்காரர் கொடுத்தது. ஒரு மூலையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்திருந்தார்கள். தண்ணீரும் விளிம்பு வரை நிற்காது, நாலு விரல் இறங்கியே இருக்கும்.

"கண்ணாடிக்காரன் வீட்டுல மூளி மூடியா? பாக்கறவன் சிரிக்க மாட்டானா?" என்று பொருமுவார்.

"அது அப்படியே இருக்கட்டும். உங்க கை அதுல படவே வேண்டாம்" என்பாள் மனைவி.

ஏன் என்று அவர் கேட்டதில்லை. கண்ணாடி விஷயத்தில் அவர் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். அதுதான் அவருடைய வியாதி.

மனைவிக்கு வேறு வியாதி. இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில் நின்றவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து படிந்து, நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு வந்துவிட்டாள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த வருடம் ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்கினாள். அவை போட்ட முட்டையில் பதினெட்டுக் குஞ்சு பொரிந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்குக் குளிர்காற்று படக்கூடாதென்று ஆறு வாரம் தொட்டிப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக் கிடந்தாள். தோகை மாதிரி வாலும் ரத்தச் சிவப்புமாக அது வளர்ந்து நின்றதும், 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று சிரித்தவர்கள் உண்டு. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வெட்டிய மூலையில் அவள் விரலை வைத்தால் மாப்பிள்ளை விர்ரென்று மேலே வருவான். விரலிலிருந்தே தீனியைக் கவ்வுவான். நீர்மட்டத்தில் குமிழி குமிழியாக ஊதி நுரைக்கூடு கட்டுவான்.

"பாருங்க, பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே வீடு கட்டறான். நீங்க கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சுல்ல கட்டினீங்க!"

நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று அவள் சொன்னது ஒன்றுதான். "மாப்பிள்ளையைப் பாத்துக்குங்க. நான் திரும்பி வரும்போது அவன் இருக்கணும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னார். வீட்டில் தூசி ஆகாது. அவள் மனசும் நோகக்கூடாது.

தூசிதானே? அது நம் வேலை என்று இறங்கினார் கண்ணாடிக்காரர். படுக்கையறையில் இரண்டு ஜன்னல்களின் பழைய கதவுகளையும் கழற்றி எறிந்தார். சட்டத்துக்கு ஒன்றாக முழுக் கண்ணாடி இறக்கி, சுற்றிலும் ரப்பரும் பசையும் வைத்து இறுக்கினார். காகிதத்தைச் சொருகிப் பார்த்தார். நுழையவில்லை. அந்த சந்தோஷத்தில் மறுநாள் காலை மீன் தொட்டிப் பக்கம் திரும்பினார். அவள் வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே! அளவெடுத்து, முனை மழுக்கி, நாலு மூலையும் குறையாமல் ஒரு மூடி வெட்டினார். தீனி போடத் தூக்குவதற்கு ஒரு கைப்பிடியும் ஒட்டினார். அரைத் தொட்டி மாதிரி இதென்ன கஞ்சத்தனம் என்று தண்ணீரை விளிம்பு தளும்ப ஊற்றி, மூடியைப் பொருத்தினார். கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. அவ்வளவு அழகு.

சாயங்காலம் வந்து பார்த்தபோது மாப்பிள்ளை செத்திருந்தான். எந்த மூலையில் இத்தனை நாள் திறப்பு இருந்ததோ, அதே மூலையில், கண்ணாடியோடு வாய் ஒட்டிக் கிடந்தான்.

ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்ண மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் விவரத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூச்சு முட்டிப் போச்சுண்ணே."

"தண்ணியில இருக்கற மீனுக்கு மூச்சு முட்டுமா? வெளையாடறியா?"

"இந்த ஜாதிக்கு முட்டும். செவுள் மட்டும் பத்தாது இதுக்கு. மேல வந்து காத்தை ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் கீழ போகும். அதுக்காகத்தான் தண்ணியைக் குறைச்சு, மூலையை வெட்டிக் குடுத்தேன். அக்காவுக்குத் தெரியுமே, உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்ல அவர் எங்கே விட்டார்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவர் கையில் பிளாஸ்டிக் பையில் இன்னொரு சிவப்பு மீன் இருந்தது. அதே சிவப்பு, அதே வால். வீட்டுக்கு வந்து தண்ணீரை இறைத்தார், மூளி மூடியைத் தேடி எடுத்து மறுபடி வைத்தார். மாப்பிள்ளையைக் கொல்லைச் செடியடியில் புதைத்தார்.

அடுத்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அவள் முதல் கேள்வி, "மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்லி இந்த நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வெட்டிய மூலையில் விரலை வைத்தாள். மீன் வரவில்லை. தட்டிப் பார்த்தாள். அது பாசிக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆஹா, கண்டுபிடித்துவிட்டாள், திட்டப்போகிறாள் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் அவள் விரலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. அதான் பயப்படறான்." புடவையில் விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். எழுந்து போய் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். மறுபடி வைத்தாள். "என்னடா, என்னை மறந்துட்டியா? இருவது நாள்தானடா போனேன்?" கணவன் பக்கம் திரும்பினாள். "இவனுக்கு நான் வேண்டாமாங்க."

அதற்கு மேல் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை.

"அது மாப்பிள்ளை இல்லம்மா."

எல்லாவற்றையும் சொன்னார். தளும்பத் தண்ணீர் ஊற்றியதை, புது மூடியை, அந்த மூலையில் வாய் ஒட்டிக் கிடந்ததை. எதையும் குறைக்கவில்லை. அவள் தொட்டியின் மேல் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அழ அழ மூச்சு இரைத்தது. அவர் தண்ணீர் கொண்டு வந்தார், வாங்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... ஒரே ஒரு வார்த்தை..." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கொஞ்சம் படுக்கறேன்" என்று படுக்கையறைக்கு நடந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு ஜன்னலும் பளபளவென்று மின்னின. கொக்கி இல்லை, கதவு இல்லை.

"இதைத் தொறக்கறது எப்படி?"

"தொறக்க முடியாதும்மா. தூசி வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல. காகிதம்கூட நுழையாது."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். பயம்தான் இருந்தது.

"எனக்கும் மூடி போட்டு வெச்சிருக்கீங்க."

கண்ணாடிக்காரர் உளியும் கத்தியும் எடுத்து வந்தார். தான் வைத்த பசையைத் தானே அறுத்தார். அவர் வேலை லேசில் விடுமா? ரப்பரைப் பிய்க்கும்போது விரல் கிழிந்தது. சுத்தமாக எடுக்கப் பொறுமையில்லாமல் கண்ணாடியின் மூலையில் ஓங்கித் தட்டினார். முப்பது வருடத்தில் வேண்டுமென்றே அவர் உடைத்த முதல் கண்ணாடி அது. அந்த உள்ளங்கை அகல ஓட்டை வழியாகத் தெருக்காற்று உள்ளே வந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு தரம் இருமினாள்.

அவர் பதறிப்போய் ஒரு அட்டையைத் தூக்கினார். "தூசி வருதோ? அடைச்சிடட்டுமா?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இந்தத் தடவை, ஏன் என்று அவர் கேட்டார்.