கம்புக்குக் கட்டிய சிவப்பு

என் வீட்டுக்காரர் சுப்புராஜ் மரத்தோடு மணிக்கணக்காகப் பேசுவார். மனுஷனைக் கண்டால் வாயில்லாப் பூச்சி. அவருக்குக் கொடுக்க வேண்டிய வாயையும் சேர்த்து ஆண்டவன் எனக்கே வைத்துவிட்டான்.

எண்பத்து மூன்றில் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி சிகாபுதீன் முதலாளி புது லாட்ஜ் கட்டினார். வாசலில் உடனே நிழல் வேண்டுமாம்; வளர்ந்த தென்னை நாலைக் கும்பளங்கியிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கினார். நட்டது இவர். ஓணம் வரை நாலும் சாயாமல் நின்றால் தோட்ட வேலையும் பின்கட்டில் ஓர் அறையும் தருவதாக வாக்கு. நாங்கள் இருந்த குடிசையில் காயல் தண்ணீர் ஏறினால் எங்களோடு பாயில் படுக்கும். எனக்கு அந்த அறை வேண்டும், அவ்வளவுதான்.

தண்டைச் சுற்றிச் சாக்கு, சாக்கின்மேல் கயிறு, மரத்துக்கு மூன்று சவுக்குக் கம்பு முட்டு. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. தென்னையில் ஆணிப்புண் ஆறாது என்பார். புது வேர் மண்ணைப் பிடிக்க மாசக்கணக்காகும். அதுவரை மரம் ஆடக் கூடாது.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் முதலாளி வந்து மூக்கைச் சுளித்தார். "நாலு கிழவன் கம்பு ஊணி நிக்கிற போலே இருக்கு. நாளைக்கு ஒரு கம்பும் இங்க காணக் கூடாது."

இவர் கைகூப்பினார். "மொதலாளி, மழைக்குத் தாங்காது. ஓணம் வரைக்கும் இருக்கட்டும்." முதலாளி அதற்குள் பந்தல்காரரிடம் திரும்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிசைக்குப் போய் என் சிவப்புப் பாவாடையைப் பன்னிரண்டாகக் கிழித்துக் கம்புக்கு ஒன்றாகக் கட்டினேன். இந்த ஊரில் அம்மன் தாலியைக்கூட எவனாவது கழற்றுவான். கடை வாசலில் யூனியன்காரர் சிவப்புக் கொடி பறந்தால் ஒருத்தனும் தொட மாட்டான்.

விழாவுக்கு வந்தவர்கள் கொடியைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். சுமடு தூக்கும் நீலகண்டன் சேட்டன் போகிற போக்கில் முஷ்டியை உயர்த்தி, "லால் சலாம், சேச்சி" என்றார். யார் கொடி, எதற்குக் கொடி என்றெல்லாம் கேட்கவில்லை. என் பாவாடைக்கு அதற்குமுன் அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாயா கொடுத்தார். "அறையை இப்பவே எடுத்துக்கோ. கொடியை மட்டும் அவிழ்த்தா மதி, வேற ஒண்ணும் வேண்டா."

இவர் தலை ஆடத் தொடங்கியது. தொடையில் கிள்ளினேன். கொடி போனால் கம்பு போகும், கம்பு போனால் மரம் சாயும். சாய்ந்த மரத்துக்குத் தோட்டக்காரனை எவன் வைத்துக்கொள்வான்? முடியாது என்றேன். தனி அடுக்களையும் தருகிறேன் என்றார். அதற்கும் முடியாது என்றேன்.

"பின்னே என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஓணம் வரைக்கும் கம்பு நிக்கணும்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "இவ்வளவுதானா? இத நேரே சொன்னா என்ன?"

"சொன்னாருல்ல மொதலாளி. கும்பிட்டுச் சொன்னாரு. கும்பிட்டதாலதான் ஒங்களுக்குக் கேக்கல."

ஓணத்துக்கு நாலு மரமும் நின்றன. முதலாளி அறைச் சாவியை என் கையில்தான் கொடுத்தார், கொஞ்சம் தள்ளி நின்றபடி.