அப்பா வீட்டுப் பச்சைப் புள்ளி

காலையில் அப்பா போனை எடுக்கவில்லை. பாப்பா பல் துலக்கிக்கொண்டே ஒரு தரம் அடித்தாள், ஆபீஸில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு தரம் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். பாப்பா பதறவில்லை. அவள்தான் போன் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டாளே. 'அப்பா: சமையலறை. நலம்.' மனுஷர் வழக்கம்போல் போனைப் படுக்கையில் போட்டுவிட்டுக் காபி கலக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதை எட்டிப் பிடிக்கப் போகிற இன்ஜினியர். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணன் ஆபீஸிலும் அப்படியே கூப்பிட்டு வைக்க, வேலைக்குச் சேர்ந்த பையன்களும் 'பாப்பா மேடம்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனி அண்ணன் தங்கை இருவருடையது. பேச்சு அண்ணனுடையது, மூளை தங்கையுடையது என்று அப்பா கிண்டல் செய்வார். அண்ணன் அதை மறுத்ததே இல்லை.

அவர்கள் செய்வது ஒரு பெட்டி. சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையாக, கூரை மூலையில் உட்கார்ந்திருக்கும். கேமரா கிடையாது. ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வீட்டுக்குள் யார் எங்கே நடக்கிறார்கள் என்று சொல்லும். நடையைப் பழகிக்கொண்டால் ஆள் இன்னாரென்றே சொல்லிவிடும். தனியாக இருக்கும் வயசானவர் கீழே விழுந்தால், ஊரில் எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளைகளின் போன் அலறும். விழுந்தவர் படுத்தபடியே பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினாலும் போதும்.

ஏன் இந்தத் தொழில் என்று கேட்டால் அண்ணன் அம்மாவின் கதையைச் சொல்வான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள், பிள்ளைகள் வேலை முடிந்து வந்துதான் பார்த்தார்கள், அதற்குள் உயிர் போயிருந்தது. அவ்வளவும் நிஜம். ஆனால் பணம் போட வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அண்ணனின் குரல் தழுதழுக்க ஆரம்பித்திருந்தது. பாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

முதல் பெட்டி அப்பா வீட்டில்தான். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், லேசில் எதையும் நம்பமாட்டார். "சம்பளம் இல்லாத வாட்ச்மேனா? இருந்துட்டுப் போகட்டும்" என்று மாட்டவிட்டார். அதற்கு முன்பெல்லாம் எதிர்வீட்டு டீச்சர் தினமும் காலையில் மணியடித்து அவரைப் பார்த்துவிட்டுப் போவார். அண்ணன் அவரிடம் போய், "இனிமே உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் டீச்சர், பெட்டி பாத்துக்கும்" என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டு வந்தான்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. ஒருநாள் பெரிய இடத்து ஆட்கள் பார்க்க வந்திருந்தபோது அப்பா பூங்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். திரையில் காலி வீடு. வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "காலி வீட்டக் காட்டி எவன்கிட்ட போய் நிக்கறது?" என்று அண்ணன் குதித்தான். அன்றைக்குப் பாப்பா ஒரு பொத்தான் எழுதிக் கொடுத்தாள். பெயர், ஒத்திகை. அதைப் போட்டால் வீட்டில் இப்போது நடப்பதை எந்தத் திரையும், அவர்கள் போனும்கூட, காட்டாது. சேமித்து வைத்த நாட்களில் எது கலகலப்பானதோ அதை மெஷினே எடுத்து, தினமும் அந்தந்த நேரத்துக்கு ஓட்டிக் காட்டும். நடுவில் எந்த அலறலும் வந்து மானத்தை வாங்காமல் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காட்டி முடித்ததும் பொத்தானை எடுத்துவிட வேண்டும். தானாகவே அணைகிற மாதிரி பண்ண வேண்டும் என்று பாப்பா நினைத்தாள்தான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட வேலை அது. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை, வேறென்ன!

இன்றைக்கு வரப்போவது கண்ணாடியம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளை அளக்கும் பெண்மணி. அவர் தலையசைத்தால் கம்பெனி பிழைக்கும்.

"இன்னிக்கு ஒத்திகை வேண்டாம்ணா. நெஜத்தையே காட்டு. அப்பா வீட்லதான் இருக்கார், பாத்துட்டேன்" என்றாள் பாப்பா.

"நீ சொன்னா சரி" என்றான் அண்ணன். கண் என்னவோ கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் சட்டைக் காலரில் இருந்தது.

கண்ணாடியம்மா வந்தார். விளக்கைக் குறைத்தார்கள். பெரிய திரையில் அப்பா வீட்டின் வரைபடம், அதற்குள் நீல நிறத்தில் ஒரு மனித உருவம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தது, நாற்காலியில் உட்கார்ந்தது. பக்கத்தில் 'அப்பா' என்ற எழுத்து. அண்ணன் அம்மாவின் கதையை எடுத்தான். குரல் அந்த இடத்தில் தழுதழுத்தது.

அப்போது வாசல் பக்கம் இன்னொரு உருவம் தெரிந்தது. உள்ளே வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தது.

"யாரோ வந்துட்டாங்க பாத்தீங்களா! இப்போ நடையை வெச்சே ஆளைச் சொல்லும் பாருங்க" என்றான் அண்ணன் குஷியாக.

சொன்னது. உருவத்தின் பக்கத்தில் 'மகள்' என்று எழுத்து வந்தது.

கண்ணாடியம்மா திரையைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பாப்பாவைப் பார்த்தார். "எத்தனை பொண்ணுங்க உங்கப்பாவுக்கு?"

"நான் ஒருத்திதான்" என்றாள் பாப்பா.

"சின்னப் பிசகு மேடம், உடனே சரி பண்ணிடுவோம்" என்று அண்ணன் சிரித்தான்.

பிசகு இல்லை. பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மகள் எழுந்தாள், ஜன்னலிடம் போனாள், கூடத்தின் நடுவில் எதன்மீதோ ஏறி நின்றாள். அப்பாவின் உருவம் ஓடி வந்து பக்கத்தில் நின்றது. ஸ்டூல். பல்பு மாற்றிய நாள். 'விழுந்து தொலையாதே' என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே அப்பா அன்று வாய் ஓயாமல் பேசினார். போன மாதம் அவள் போயிருந்த ஒரே நாள் அதுதான். அந்த வீட்டில் கலகலப்பான நாள் எது என்று மெஷின் தேடியிருக்கிறது. இவள் போன நாள் கிடைத்திருக்கிறது. ஐயோ, அப்பா.

"அண்ணா, ஒத்திகை ஓடுது."

"நான் இன்னிக்குப் போடலியே."

"அப்போ எப்போ போட்டே?"

அண்ணன் விரலை மடக்கி நாளை எண்ணினான். "போன தடவை போட்டது... எடுத்தேனா..."

போன தடவை என்றால் போன வாரம். அன்றிலிருந்து அவள் பார்த்த பச்சை எல்லாமே இந்த நாள்தான். இன்று காலை சமையலறையில் அப்பா இல்லை. நேற்றும் இருந்தாரோ என்னவோ, யாருக்குத் தெரியும்? பாப்பா லேப்டாப்பை எட்டிப் பிடித்து ஒத்திகையை எடுத்தாள்.

திரையில் மகள் மறைந்தாள். நாற்காலி காலியானது. குளியலறைக்குப் போகும் நடைவழியில் ஒரே ஒரு உருவம், குறுக்காகக் கிடந்தது. புள்ளி சிவந்தது.

உடனே போன்கள் அலறின. அவள் போன், அண்ணன் போன், வெளியே பையன்களின் போன். விழுந்ததற்கு ஒரு அலறல். அது அடங்குவதற்குள் கையசைத்ததற்கு ஒன்று. அடுத்து இன்னொன்று. பிடித்து வைத்திருந்ததையெல்லாம் பெட்டி இப்போதுதான் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பா கையை ஆட்டியிருக்கிறார், கொஞ்ச நேரம் பொறுத்திருக்கிறார், மறுபடியும் ஆட்டியிருக்கிறார். கண்ணாடியம்மா காதைப் பொத்திக்கொண்டார். பாப்பா படிக்கட்டில் ஓடும்போதும் பை அலறிக்கொண்டே இருந்தது. தெருவுக்கு வந்தபோது நின்றுவிட்டது. அந்த அலறலை விட நின்றுபோனது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

காரிலிருந்தே அண்ணன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான், முகவரியை இரண்டு முறை உளறினான். வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. எதிர்வீட்டு டீச்சரிடம்தான் இன்னொரு சாவி இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"நேத்து சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தாரேம்மா. காலையில வெளக்கு எரிஞ்சுட்டே இருக்கேன்னு பாத்தேன். மணியடிக்கலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். பெட்டி இருக்கே, நாம எதுக்குன்னு திரும்பிட்டேன்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நடைவழியில் அப்பா கிடந்தார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. வலது கை மட்டும் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி, ஆடி, விழுந்தது. தலைக்கு மேலே கூரை மூலையில் பெட்டி.

பாப்பா மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. "அப்பா! அப்பா, இங்க பாருங்க, வந்துட்டேன்ப்பா. பாப்பா வந்துட்டேன்." அதற்குமேல் பேச முடியாமல் அழுகை வெடித்தது.

அப்பா அவளைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தி தன் வீட்டில் அழுவதைப் பார்க்கிற மாதிரி, இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பார்வை மறுபடி பெட்டிக்குப் போனது. அவள் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டார், அதை ஆட்ட வேண்டியிருந்தது.

"பதறாதீங்கம்மா" என்றார் குழறலாக. "கையக் காட்டியிருக்கேன். என் பொண்ணு வந்துடுவா."