லெட்டியின் இடது கண்

எங்கள் நியூமன் தெருவில் வீட்டுக்கு ஒரு ஓவியர். பென்ஃபோல்டின் மாடிச் சன்னல் என் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. எனக்குத் தெரியாமல் அங்கே யாரும் வந்து உட்கார்ந்து முகம் காட்டியதில்லை. சாராய வியாபாரிகள், நகரசபைக்காரர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள். அந்த மூஞ்சிகளால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் அவரைக் கேட்டால், தான் சரித்திர ஓவியர் என்பார்.

அந்தச் சரித்திரத்துக்காக மூன்று வருடம் ஒரு பெரிய கித்தானோடு மல்லுக்கட்டினார். போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்ட வேதாகமத்து யெப்தா. எதிரே ஓடிவரும் அவன் மகள். அந்த மகளுக்கு மாதிரியாக நின்றது பென்ஃபோல்டின் ஒரே பெண் லெட்டி. பதினாறு வயது. பிப்ரவரிக் குளிரில், வெறுங்காலோடு, மெல்லிய வெள்ளைத் துணியில் நின்றாள். மே மாதக் கண்காட்சிக்குப் படம் முடிய வேண்டுமே.

"பிள்ள இருமுறா, மிஸஸ் பென்ஃபோல்ட்," என்று அவர் மனைவி ஹெஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நான் சொல்லாமலா? இன்னும் ரெண்டே நாளுங்கறார். அவளுக்குன்னு சின்னதா ஒரு படம் வரஞ்சு குடுங்கன்னு அஞ்சு வருஷமாக் கேக்கறேன், அதுக்கு நேரமில்ல. ஊரான் தாடையெல்லாம் வரையறார்."

படம் கண்காட்சிக்குப் போனது. கூரையை ஒட்டி மாட்டினார்கள். கழுத்துச் சுளுக்கினால்தான் தெரியும். லெட்டி அதைப் பார்க்கவில்லை. ஏப்ரலிலேயே கல்லறைக்குப் போய்விட்டாள்.

யாரும் வாங்காத படம் வீடு திரும்பியது. ஹெஸ்டருக்கு அதுவே போதுமாயிருந்தது. தினமும் தையலை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவள் பெண்ணின் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் பார்க்கிறேன், படம் தலைகீழாகத் தொங்குகிறது. பென்ஃபோல்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அது உண்மையா என்று பார்க்க ஒரு துண்டு கேக்கோடு போனேன்.

"என்ன மிஸ்டர் பென்ஃபோல்ட், யெப்தா வவ்வாலாட்டம் தொங்கறாரு?"

அவர் சிரிக்கவில்லை. "கண்ணு எறங்கிடுச்சு, மிஸஸ் டக்," என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். லெட்டியின் இடது கண் கன்னத்துக்கு வழுக்கி வந்திருந்தது. எல்லாம் தார்ப் பழுப்புச் சாயத்தின் வேலை. எங்கள் தெரு ஓவியர்கள் நிழலுக்கு அதைத்தான் குழைப்பார்கள். பூசிய அன்று தேனாக மின்னும். உள்ளே காயவே காயாது, வெயிலில் நகரும். இவர் அவசரத்தில் முகத்துக்கு அடியிலேயே பூசியிருந்தார்.

"தலகீழா மாட்டினா வந்த வழியே திரும்பிடும். ஒரு பிரபுவோட படத்துல மூக்கு அப்படித்தான் சரியாச்சு."

"எப்பத் திரும்பும்?" என்றாள் ஹெஸ்டர்.

"வெயிலடிச்சா ஒரு வாரம்."

அந்த வாரம் நல்ல வெயில். கண் நகர்ந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல். எட்டாம் நாள் படத்தை நிமிர்த்தியபோது அது புருவத்தின் மேல் ஏறியிருந்தது, உதடும் கோணியிருந்தது.

"நானே வரஞ்சு சரி பண்ணிடறேன்," என்று பென்ஃபோல்ட் காகிதமும் கரித்துண்டும் எடுத்தார். மூன்றே அமர்வில் எவன் மூஞ்சியையும் பிடித்துவிடுகிறவர், ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றார். "மூக்குலேர்ந்து எவ்வளவு தள்ளி இருந்துச்சு, ஹெஸ்டர்?"

அவள் சொன்னாள். வரைந்தார்.

"இல்ல." அழித்தார். "இதுவும் இல்ல. அவ இப்படிப் பாக்கமாட்டா."

என் பக்கம் திரும்பினார். "நீங்க தினம் பாத்தவங்கதானே, மிஸஸ் டக்?"

பார்த்தேன்தான். அவள் தொப்பி ரிப்பனின் நிறமும், எவன் அதைத் திரும்பிப் பார்த்தான் என்பதும் தெரியும். கண்ணைக் கேட்டால்? எனக்கே தெரியவில்லை. தெருவில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஹெஸ்டர் அவர் கையிலிருந்து கரித்துண்டை வாங்கி வைத்தாள். "எதையும் தொடாதீங்க. படத்தக் கீழ எறக்குங்க."

"தரையிலயா?"

"அப்பத்தான் மேலயும் போகாது, கீழயும் வராது. ஒருதரம் படுக்க வச்ச பிள்ளதானே."

சன்னலுக்கு எட்டாத மூலையில் மல்லாக்கக் கிடத்தினோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். வெயில் படாமலிருக்க பென்ஃபோல்ட் போர்வை கொண்டுவந்தார். யெப்தாவை மூடினார், அவன் வீட்டு வாசலை மூடினார், வெறும் பாதங்களை மூடினார். முகத்தை மூட அவருக்குக் கை வரவில்லை. ஹெஸ்டர்தான் மூடினாள்.