கல் அரிக்காத மடம்

"எங்கம்மாவ மடத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்று பியோ குலத்தாரின் மண்டபத்தில் நின்று மல்நியோ கேட்டாள். சொல்மே ஊரில் பெண்ணாய்ப் பிறந்த எவளும் எந்தக் காலத்திலும் கேட்கக்கூடாது என்று பால்பல் விழுவதற்கு முன்பே சொல்லிவைக்கப்படும் விஷயம் அது ஒன்றுதான். மேட்டிலிருந்த புத்த மடம் எரிந்து அறுநூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் விடியற்காலையில் அங்கே எழுநூறு பேருக்கு அரிசி களைகிறார்கள். அந்தக் கழுநீர் ஓடையோடு வெள்ளை வெளேரென்று இறங்கி ஏழு மணிக்கு ஊரைத் தொடும், ஒன்பது மணிக்குத் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் கால்மணி தாமதம். போர் நடந்த வருஷம் ஊரே அதைக் காய்ச்சி, மலைக்கீரை போட்டுக் குடித்து உயிர் பிழைத்தது. பிற்பாடு சுகாதார அதிகாரி ஒருவர் வந்து புட்டியில் பிடித்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில், அரிசி களைந்த தண்ணீர், இன்று களைந்தது, என்று மட்டும் எழுதியிருந்தது.

மடத்தின் பெரிய கூடம் இருந்த இடத்தில் பியோ குலத்தின் மூதாதையைப் புதைத்திருந்தார்கள். நல்ல மனை என்று மனை பார்ப்பவன் சொன்னானாம். புத்தர் சிலையைச் சரிவில் உருட்டிவிட்டு மூதாதையைப் படுக்கவைத்தார்கள். அன்றிலிருந்து தண்ணீரும் மூதாதையின் அருள் ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, பத்தாம் மாதம், ஆண்கள் மேலே போய்ப் படையல் வைத்து விழுந்து கும்பிட்டு வருவார்கள். சமைப்பவர்கள் பெண்கள். கல்பாலம் வரை சுமந்து வந்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு, அவர்கள் திரும்பிவிட வேண்டும். பெண்கால் பாலத்தைத் தாண்டினால் தண்ணீர் நின்றுவிடும் என்பது ஊரின் சட்டம். கழுநீரோடு எப்போதும் பொடிக்கல்லும் மணலும் வந்துகொண்டிருந்தன. கஞ்சிக் கிண்ணத்தின் அடியில் தங்கும் அந்த மணலை மூதாதையின் எலும்புத்தூள் என்று துணியில் வடிகட்டி, மண்டபத்து ஜாடிகளில் சேர்த்துவைத்தார்கள். பதினோரு ஜாடிகள் நிறைந்திருந்தன. ஊரில் நாற்பது வயதுக்கு மேல் யாருக்கும் கடைவாய்ப்பல் முழுசாக இல்லை.

மல்நியோ என்றால் கடைசிப் பெண். இதோடு போதும் என்று வைத்த பெயர். குலத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள்தான், ஆண்பிள்ளைகளையும் சேர்த்து. அப்பா இறந்துபோனார். அம்மா ஒக்சிம் முப்பத்தெட்டு வருஷம் படையல் சமைத்தவள். கண் மங்கிக்கொண்டே வந்தது. பனி விழுவதற்குள் முழுக்கப் போய்விடும் என்று தேகு நகரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் எதைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டாள். கடல் என்பாள் என்று நினைத்தாள். "மேல யாரு அரிசி களையறாங்கன்னு பாக்கணும்," என்றாள் ஒக்சிம்.

குலத்துக்கு மூத்தவர் பெரியப்பா தேக்ஹோ. "தண்ணி நின்னுபோச்சுன்னா உங்க காலேஜ்ல இருந்து குழாய் போட்டுத் தருவாங்களா?" என்றார். மண்டபம் சிரித்தது. "அம்மா சமைச்சது மேல போகலாம், அம்மா போகக்கூடாதா பெரியப்பா?" என்றாள். "கூடை வேற, பொம்பள வேற." "மேல படுத்திருக்கற நம்ம குலத்துத் தாத்தாவுக்கு முந்தி வந்தது மடம். அவர் செத்ததுக்கப்புறமா அரிசி களைய ஆரம்பிச்சாங்க?" சிரிப்பு நின்றது. வெளியே போ என்றார்கள். போனாள்.

மறுநாள் பனிமூட்டத்தில் இருவரும் கல்பாலத்தைத் தாண்டினார்கள். ஒக்சிம் கையில் கல் அரிக்கும் மூங்கில் கரண்டி இருந்தது. வெறுங்கையோடு அடுத்தவர் அடுக்களைக்குள் நுழைந்து அவளுக்குப் பழக்கமில்லை. மேலே அடிக்கற்கள் வரிசை வரிசையாகப் புல்லில் கிடந்தன. கூரை எதுவும் இல்லை. ஆனால் கூரை விளிம்பிலிருந்து விழும் பனிநீர் மட்டும் வெற்று வானத்திலிருந்து நேர்கோடாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே ஈரமில்லை. மூதாதையின் கல்லறைமேல் ஒரு நரி தூங்கிற்று. சரிவுப் பக்கம் படகு நீளத்துக்கு ஒரு கல்தொட்டி. அதில் அரிசி மேலெழும்பி, கை படாமல், கைபட்டதுபோலச் சுழன்று அடங்கியது. ஒக்சிம் முகத்தைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து, இருக்கிற பார்வையையெல்லாம் குவித்து வெகுநேரம் பார்த்தாள். "யாரும்மா?" என்று மகள் கேட்டாள். "யாரோ வயசுப் பசங்க. வலப்பக்கமா சுத்துறாங்க, அதெல்லாம் சரி. கல் அரிக்கத்தான் எவனும் சொல்லித்தரல," என்றாள் ஒக்சிம். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கரண்டியை உள்ளே விட்டாள்.

அன்றும் ஏழு மணிக்குத் தண்ணீர் ஊரைத் தொட்டது. ஒக்சிம் அதன்பின் ஒருநாள் விடாமல் போனாள். பனி விழுந்தது, கண் போயிற்று, கை போகவில்லை. மகள் பாலம்வரை கைபிடித்துப் போவாள். அதற்குமேல் கண்ணுக்குத் தெரியாத யாரோ அம்மாவின் சட்டைக்கையைப் பிடித்து நடத்திப்போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடப்பாள். தண்ணீர் முன்னைவிடக் கெட்டியாக வந்தது. மணல்தான் வரவில்லை. பன்னிரண்டாவது ஜாடி அடியே நனையாமல் கிடந்தது. மறுவருஷம் இரண்டாம் மாதம் மண்டபத்தில் மல்நியோவைக் கூப்பிட்டார்கள்.

"தாத்தா கோவிச்சுக்கிட்டாரு," என்றார் தேக்ஹோ. எழுதிவைத்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். இனி பாலம் தாண்டமாட்டோம் என்று தாய்க்கும் சேர்த்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஊரில் வீடில்லை. "கல் கடிபடலன்னா அது தாத்தா தண்ணியா?" என்றார். "கஞ்சி நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றார் பின்வரிசையில் ஒரு கிழவர். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மல்நியோ மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து தேக்ஹோ முன்னால் வைத்தாள். "பனிக்காலம் பூரா அம்மா அரிச்செடுத்த கல்லும் மணலும். இதுதான் வேணும்னா ஜாடியில போட்டுக்குங்க, பெரியப்பா." தேக்ஹோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை, மூதாதை அல்லவா.

கடிதம் கையெழுத்தில்லாமல் பாயில் கிடந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள். வாசலில் போர்வையும் பானையும் கட்டிய மூட்டைமேல் அம்மா கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். மல்நியோ உள்ளே போகும்போதே இரண்டு ஜோடிச் செருப்பையும் மடத்து மேட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். இருவரும் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்கள்.