ரெஜிலா பார்த்துக் கொடுத்த பிரஷ்

எங்கள் இனயம் ஊரில், மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம். யார் பெயர் வாசிக்கிறார்களோ, அந்தப் பெண் எனக்கு வேலை. பத்து வருஷமாக இந்த ஊர் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிற ரெஜிலா நான்தான்.

முதல் ஞாயிறு சுபிதாவின் பெயரை வாசித்தார்கள். அவள் அம்மா செசிலி என் பக்கமே திரும்பவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன்.

"ஜிஷாகிட்ட சொல்லியாச்சே மக்கா. அவ கொச்சியில போய் மேக்கப் படிச்சிட்டு வந்திருக்கா. அவ மாப்பிள துபாயிலேந்து முப்பத்திரெண்டு பிரஷ்ஷு அனுப்பியிருக்கானாம்," என்றாள் செசிலி.

எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்திரண்டு பிரஷ்ஷை வைத்து என்ன செய்வாள், சுபிதா முகத்துக்கு வெள்ளையடிப்பாளா? என்னிடம் இருப்பது ஐந்தே ஐந்து. செட்டாக வாங்க வசதியில்லாமல் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தவை. கண்ணுக்கு வைத்திருப்பது படம் வரைகிற பிரஷ், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கியது. ஆனால் ஒரு முடி உதிர்ந்ததில்லை. பிரஷ் பார்க்க ரெஜிலாவைக் கூட்டிப் போ என்று ஊரில் சொல்வார்கள். எனக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஜிஷாவே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவிய அனுப்பின செட்டு வெறும் பளபளப்பு. கழுவினா முடி கொட்டுது. கையில ஆயிரம் ரூவாதான் இருக்கு. கருங்கல் டவுனுக்கு வந்து நல்லதாப் பாத்துத் தருவியளா?"

துபாய் செட்டு உதிர்ந்தது என்று கேட்டதும் உள்ளே ஒரு குளிர்ச்சி. ஆனாலும் சுபிதாவின் வேலை அவளுக்குத்தானே? அந்த நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

கடையில் ஐந்து பிரஷ் எடுக்க வேண்டும். நான்கை ஒழுங்காகவே பார்த்துக் கொடுத்தேன். முடியைப் பிடித்து இழுத்தேன். புறங்கையில் அழுத்தி, குத்துகிறதா என்று பார்த்தேன். முடியைக் கவ்வியிருக்கும் தகரக் கழுத்தை ஆட்டிப் பார்த்தேன். ஜிஷா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்குத் தலையாட்டுவதுகூட அழகாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது, பவுடர் பிரஷ். தங்க நிறக் கைப்பிடி போட்ட ஒன்றை அவளே எடுத்து நீட்டினாள். கழுத்து லேசாக ஆடியது. இழுத்ததும் இரண்டு முடி கையோடு வந்தது. பக்கத்திலேயே கறுப்புப் பிடியில் நல்லது ஒன்று கிடந்தது, விலையும் குறைவு.

"இது கொள்ளாம், நல்லாருக்கு. இதையே எடு," என்று தங்கப்பிடியை அவள் கூடையில் போட்டேன்.

கல்யாணத்தன்று கோயிலில் முன்வரிசையில் இடம் பிடித்தேன், ஜெபிக்க அல்ல. சுபிதா வெள்ளைச் சேலையில் நடந்து வந்தாள். கன்னத்தில் ஒரு முடியாவது ஒட்டியிருக்கும் என்று பார்த்தேன். திட்டுத்திட்டாகவாவது இருக்கும் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. முகம் அத்தனை நன்றாக இருந்தது. நான் போட்டிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்குமா தெரியவில்லை. எனக்குப் பூசையே ஓடவில்லை.

வெளியே வந்ததும் செசிலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெஜிலா, ஒனக்குக் கண்ணு சரியில்லியாமே? நீ பாத்துக் குடுத்த பவுடர் பிரஷ்ஷு கழுவினதும் முடி கொட்டிப் போச்சாம். பாவம், அக்காவுக்கு கண்ணு சரியா தெரியலன்னு ஜிஷா சொன்னா. பஞ்சு வச்சுத்தான் ஒப்பேத்தியிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போ மக்கா, வச்சிட்டிருக்காத."

சுற்றி நின்ற நான்கு பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வேலையைப் பிடுங்கியது போதாதென்று பெயரையும் பிடுங்குகிறாளே! பந்தலுக்குப் பின்னால் தனியாக நின்ற ஜிஷாவிடம் நேரே போனேன்.

"ஏட்டி, எனக்கா கண்ணு தெரியாது? எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு. அது உதிருமின்னு தெரிஞ்சுதான் உனக்கு எடுத்துத் தந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஜிஷா அதிரவில்லை.

"தெரியும்க்கா," என்றாள். "உங்க கைக்கு தப்பு வராதுன்னு எனக்குத் தெரியாதா? செசிலி மாமி கேட்டப்ப பின்ன நான் என்னத்தச் சொல்லட்டு, வேணுமின்னே தந்தியன்னா?"

தட்டில் இருந்த கேக்கில் ஒரு துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, மணப்பெண்ணின் முகத்தைச் சரிபார்க்கப் போய்விட்டாள். அவள் படிப்பு, அவள் அழகு, அவள் மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டாயிற்று. இப்போது இந்தக் குணத்துக்கும் வயிறு எரிந்தது. இதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.